மச்சான் என்று கூப்பிட யாருக்கு உரிமை? – குடும்ப நகைச்சுவையும் முறையின் அரசியலும்

1

தமிழில் 'முறை' என்கிற சொல்லை எடுத்துக்கொள்வோம். உறவுக்கும் அதுதான், ஒழுங்குக்கும் அதுதான், நீதிக்கும் அதுதான். 'அவன் உனக்கு என்ன முறை வேணும்?' என்று கேட்கிற அதே வாய்தான் 'முறையா நடந்துக்க' என்றும் சொல்கிறது. முறைப்பெண், முறைமாமன், முறைகேடு, முறையீடு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. உறவு என்பதையும் சரி என்பதையும் ஒரே சொல்லால் குறிக்கிற சமூகத்தில், உறவுக்குள் அடங்காத ஒருவர் வீட்டுக்குள் வந்தால் அவர் தவறானவராகவே வந்து சேர்கிறார். வந்தவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வீடு திணறுகிறது. அந்தத் திணறலில் இருந்துதான் நமது குடும்ப நகைச்சுவையின் பெரும்பகுதி பிறக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

குடும்ப நகைச்சுவையை நம்முடைய பக்கங்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெகுசனக் குப்பை என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறோம். வரதட்சணை, அடிதடி, சொத்துப் பறிப்பு என்று வருகிறபோது குடும்பத்தை ஓர் அதிகார நிறுவனமாக வைத்துக் கட்டுடைக்கத் தெரிந்த நமக்கு, அதே குடும்பம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கூடி உட்கார்ந்து சிரிக்கிறபோது என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சிரிக்கிற இடத்தில் அதிகாரம் இருக்காது என்று ஒரு நம்பிக்கை போல.

இன்றைக்கு வீடு என்பது ஒரு வகையானதாக இல்லை. சாதி கடந்து கட்டிக்கொண்டவர்கள், மதம் கடந்து கட்டிக்கொண்டவர்கள், இரண்டாவது மணம் செய்து இரண்டு பக்கப் பிள்ளைகளோடும் வாழ்கிறவர்கள், தாலி இல்லாமலே சேர்ந்திருப்பவர்கள், ஒரே பாலின இணையர்கள், திருநங்கைகளின் ஜமாத் வீடுகள் என்று பலவகைப்பட்டுக் கிடக்கிறது. இந்த வீடுகளில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? சிரிக்கிற உரிமை யார் கையில் இருக்கிறது? இதைத்தான் இங்கே கேட்கப் பார்க்கிறேன்.

2

ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியலாளர் 1940இல் 'கேலி உறவுகள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்ய வழக்கமே அனுமதி கொடுத்திருக்கிறது. கிண்டலுக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது அனுமதிக்கப்பட்ட அவமரியாதை. மணத்தால் சேர்ந்த இரண்டு தரப்புகளுக்கு இடையே ஒட்டுதலும் இருக்கிறது, உரசலும் இருக்கிறது; அந்த உரசலைச் சண்டையாக விடாமல் சிரிப்பாக மாற்றிச் செலவழிப்பதே கேலியின் வேலை என்பது அவருடைய விளக்கம்.

இதைச் சொல்ல நமக்கு மானிடவியலாளர் வேண்டியதில்லை. எந்த ஊர்க் கிழவியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அண்ணனைக் கேலி பண்ண முடியாது, மச்சானைப் பண்ணலாம். சித்தப்பாவிடம் வாய் கொடுக்க முடியாது, தாய்மாமனிடம் கொடுக்கலாம். கலியாண வீட்டில் மஞ்சத்தண்ணி ஊற்றுவது அத்தை மகன் மேல்தான், பெரியப்பா மகன் மேல் இல்லை. 'கேலி பண்ற முறை' என்றே பேச்சுவழக்கில் ஒரு வகை இருக்கிறது. லூயி டூமோனும், 1981இல் 'திராவிட உறவுமுறை' என்ற நூலை வெளியிட்ட தாமஸ் ட்ராட்மனும் விரித்துக் காட்டியதும் இதன் மறுபக்கத்தைத்தான். தமிழின் உறவுச் சொற்கள் சொந்தத்தை இரண்டாகப் பிரிக்கின்றன: பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறுபக்கம். கட்டக் கூடாதவர்கள் ஒரு பக்கம், கட்டக் கூடியவர்கள் மறுபக்கம். அம்மாவின் சகோதரனும் மாமன், அத்தையின் கணவனும் மாமன், கட்டியவளின் அப்பனும் மாமன். ஒரு சொல், மூன்று ஆள். மூன்றும் ஒரே ஆளாகவே இருந்துவிட்டாலும் இந்த மொழிக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கேலி செய்யும் உரிமையும் கொண்டு கொடுக்கும் உரிமையும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. யாருக்குப் பெண் கொடுக்கலாமோ அவரோடு சிரிக்கலாம். யாரோடு கொள்வினை கொடுப்பினையே கிடையாதோ அவரோடு சிரிப்பும் கிடையாது. அப்படிச் சிரிப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பங்காளி மட்டும் இல்லை, சாதிக்கு வெளியே இருக்கிற அத்தனை பேரும் அங்கேதான் நிற்கிறார்கள். காலனிப் பையன் ஊர்த்தெருப் பெண்ணிடம் ஒரு வார்த்தை விளையாட்டாய்ச் சொல்லிவிட்டால் ஏன் அத்தனை கொந்தளிப்பு? அது வெறும் கிண்டல் இல்லை, ஒரு மண உரிமையின் இலக்கணத்தில் பேசப்பட்ட வாக்கியம் என்பது அடிக்க வருகிறவனுக்கு நன்றாகவே தெரியும். அதே வார்த்தையை அவளுடைய மாமன் மகன் சொன்னால் 'உரிமைப்பட்டவன் பேசுறான்' என்று வீடு சிரிக்கும். அவளுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்பதில்லை. முறைமாமனின் கேலிக்கு முகம் சுளித்தால் அவள் திமிர் பிடித்தவள். ஆக, இந்தச் சிரிப்பு சாதியைக் காவல் காக்கிறது, கூடவே பெண்ணின் சம்மதத்தையும் இல்லாமல் ஆக்குகிறது. ஒரே வேலையின் இரண்டு பக்கம் இது.

'மச்சான்' என்ற சொல்லின் இன்றைய கதையைக் கவனிக்க வேண்டும். கல்லூரி விடுதியிலும் டீக்கடையிலும் பையன்கள் ஒருவரையொருவர் சாதி பார்க்காமல் மச்சான் என்கிறார்கள். இலக்கணப்படி அதற்குப் பொருள் 'உன் கூடப் பிறந்தவளை நான் கட்டலாம், என் கூடப் பிறந்தவளை நீ கட்டலாம்' என்பதுதான். யாரும் அப்படி நினைத்துச் சொல்வதில்லை. நினைக்காதவரைக்கும்தான் அது தோழமை. அந்தச் சொல் நிஜமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழகம் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டது. 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து தருமபுரி நத்தம் காலனியின் வீடுகள் எரிக்கப்பட்டன. கல்லூரியில் சந்தித்துக் கௌசல்யாவை மணந்துகொண்ட சங்கர் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். விளையாட்டாக எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட ஒரு சொல், நிஜமாகக் கேட்டவனிடமிருந்து உயிரோடு சேர்த்துப் பறிக்கப்படுகிறது. குடும்ப நகைச்சுவையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் கொலையை ஏன் கொண்டுவருகிறாய் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே இலக்கணத்தின் எல்லைகள் என்பதால்தான்.

3

இனி நம்முடைய சினிமாவுக்கு வருகிறேன். பலவகைக் குடும்பத்தைப் பற்றிய நமது பொதுப்புத்தி பெரிதும் அங்கேதான் உருவாக்கப்பட்டிருக்கிறது.

பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) நகைச்சுவைப் படம் அல்ல. ஆனால் முறை சிக்கிக்கொள்வதை ஒரு விடுகதையாக்கிய படம். மகன் தன்னைவிட மூத்த பெண்ணை நேசிக்கிறான். அவளுடைய மகளோ அவனுடைய அப்பாவை நேசிக்கிறாள். இரண்டு கலியாணமும் நடந்தால் யார் யாருக்கு என்ன முறை? வேதாளம் விக்கிரமனிடம் போடுகிற பழைய புதிர்தான் இது. கதையில் விக்கிரமன் பதில் தெரியாமல் வாயடைத்துப் போகிறான். படமும் அப்படித்தான். மகன் அப்பாவிடமும் மகள் அம்மாவிடமும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நான்கு பேருடைய ஆசையைவிட நான்கு உறவுச் சொற்களின் கௌரவம் பெரிதாகப் போயிற்று. அவ்வளவு தூரம் துணிந்த படம் கடைசியில் அகராதிக்குப் பயந்துவிட்டது.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வேறு மாதிரி. ஏவி.எம். தயாரித்து, தேசிய விருதும் பெற்று, இன்றுவரை தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிற படம். அம்மையப்ப முதலியாரின் கூட்டுக்குடும்பம். வரவுசெலவுக் கணக்கில் அப்பாவும் மூத்த மகனும் மோதி, வீட்டுக்கு நடுவே கோடு கிழிக்கப்படுகிறது. மகள் ஒரு கிறித்தவப் பையனைக் கட்டிக்கொள்கிறாள். சம்பந்தியாக வருகிற ஆல்பர்ட் பெர்னாண்டஸ் வேடிக்கை மனிதராக ஆக்கப்பட்டிருக்கிறார். 'முதலியார்' என்பது இங்கே சும்மா ஒரு பெயர், யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. 'பெர்னாண்டஸ்' என்பது மட்டும் அடையாளம், அவரோடு சேர்ந்தே சிரிப்பும் வருகிறது. வெளியே இருந்து வருகிறவர் நுழைவதற்குச் சிரிப்பைச் சுங்கமாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது மனோரமாவின் கண்ணம்மாதான். வேலைக்காரி. பெர்னாண்டஸோடு அவள் மோதுகிற காட்சியில் அரங்கமே குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, இன்றைக்குப் பார்த்தாலும் வரும். ஆனால் அவளுக்குக் கிடைத்த அந்த வாய் எந்த நிபந்தனையின் பேரில் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காக, அந்த வீட்டாரால் பேச முடியாததை, வெளியாளை நோக்கிப் பேசுகிறவரையில் அவளுக்கு எல்லையில்லாத கேலி உரிமை. தன் கூலியைப் பற்றி, தான் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றி அவள் ஒரு நகைச்சுவை சொல்லியிருந்தால்? அதைக் கேட்டு அம்மையப்ப முதலியார் சிரித்திருப்பாரா? படத்தில் அந்தச் சோதனைக்கு இடமே வைக்கப்படவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தின் முடிவு அதன் காலத்துக்கு மீறியது. கோட்டை அழித்து எல்லோரும் மறுபடி ஒன்றாகலாம் என்று வீடே காத்திருக்கிறபோது, மூத்த மருமகள் உமா வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருப்போம், தூர இருந்து பிரியமாக இருப்போம் என்கிறாள். லட்சுமி நடித்த அந்தப் பாத்திரத்தின் மறுப்பைப் பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே ஒரு சிரிப்பும் இல்லை என்பதையும் கவனியுங்கள். முறையை மீறுகிற வாக்கியத்தைச் சொல்ல ஒரு மருமகளுக்கு அழுகையும் நிதானமும்தான் கொடுக்கப்படுகின்றன, நகைச்சுவை கொடுக்கப்படுவதில்லை.

பத்து வருஷம் தள்ளி 'அவ்வை சண்முகி' (1996). ஹாலிவுட்டின் 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) படத்தின் தழுவல், கிரேஸி மோகன் வசனம். விவாகரத்தான அப்பா தன் குழந்தையைப் பார்ப்பதற்காக மடிசார் மாமியாக வேஷம் போட்டு மாமனார் வீட்டுக்கே வேலைக்கு வருகிறார். அதே ஐயர் வீட்டுச் சமையலறையில் நாசர் நடித்த பாஷா என்கிற முஸ்லிம், ஊமைப் பிராமணச் சமையல்காரராக நடிக்கிறார். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த ஏற்பாடு எனக்கு மிகப் பெரிய உண்மையைச் சொல்வதாகப் படுகிறது. அந்த அடுப்படிக்குள் ஒரு முஸ்லிம் நுழையலாம், அவர் கை சமைத்ததை எல்லோரும் ருசித்துச் சாப்பிடலாம், நாக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். படம் இதைக் கிண்டல் செய்கிறது, நியாயம்தான். ஆனால் படத்தின் வசனச் சிலம்பாட்டம் முழுக்க கமலஹாசனின் மாமிக்கு. ஊமைக்குச் சைகை மட்டும். இருவருமே வேஷக்காரர்கள்தான், இருந்தாலும் பேசுகிற வேஷம் யாருக்கு, பேசாத வேஷம் யாருக்கு என்பதில் முறை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஃபிராய்ட் 1905இல் நகைச்சுவைத் துணுக்குகளைப் பற்றி எழுதிய நூலில், ஒருவரைக் குறிவைக்கிற துணுக்குக்கு மூன்று பேர் வேண்டும் என்றார்: சொல்கிறவர், குறிக்குள்ளாகிறவர், கேட்டுச் சிரிக்கிறவர். நமது குடும்பப் படங்களில் வெளியே இருந்து வந்தவருக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருப்பது இரண்டாம் இடம். பலவகைக் குடும்பம் உண்மையிலேயே பலவகையாக ஆகிவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வந்து சேர்ந்தவர் முதலாம் இடத்துக்கு நகர்ந்திருக்கிறாரா? அவர் சொல்லி, வீட்டு மூத்தவர் குறிக்குள்ளாகி, மற்றவர்கள் சிரிக்கிறார்களா?

4

சினிமாவில் கிடைக்காத இந்த நகர்வு வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளைச் சொல்கிறேன். ஆட்கள் யார் என்பது இங்கே தேவையில்லை.

முதல் வீடு தென்மாவட்டத்தில். அவர் ராவுத்தர், அவள் இந்துப் பெண். சிறப்புத் திருமணச் சட்டப்படி (1954) பதிவு செய்துகொண்டவர்கள். அதாவது முப்பது நாள் தங்கள் பெயரும் விலாசமும் அறிவிப்பாகத் தொங்குகிற அவஸ்தையைத் தாண்டி வந்தவர்கள். பெண்ணின் அம்மா இரண்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்தாள். மருமகனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட நாக்கு வரவில்லை, 'தம்பி' என்று சமாளித்தாள். குழந்தை பேச ஆரம்பித்தது. அப்பாவை 'அத்தா' என்றது. கிழவி காதில் 'அத்தான்' என்று விழுந்தது. 'பெத்த அப்பனைப் போயி அத்தான்ங்குது, இதென்ன கூத்து!' என்று ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் விஷமும் இருந்தது என்று மகள் சொன்னாள். அதற்கு மருமகன் சொன்ன பதில்தான் முக்கியம்: 'நீங்க தம்பின்னு கூப்பிடுறீங்க, அப்ப எம் பொண்டாட்டி எனக்கு என்ன முறை? அதுக்கு எம் மக சொல்றது பரவால்ல.' கிழவி ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்தாளாம். அம்மாவுக்குத் தம்பி என்றால் மகளுக்குத் தாய்மாமன், கட்டுகிற முறைதான். 'அட, சரியாத்தான் வருது' என்றாளாம். வீடே சிரித்தது. வெளியே இருந்து வந்தவன், முறையின் இலக்கணத்தை வைத்தே முறையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டான். இலக்கணம் எவ்வளவு நெகிழ்வானது, அதைக் காவல் காக்கிறவர்கள்தான் எவ்வளவு விறைப்பானவர்கள் என்பது ஒரே நிமிஷத்தில் அம்பலமாகிவிட்டது.

இரண்டாவது வீடு, மறுமணம் செய்துகொண்டவர்களுடையது. அவளுக்கு முதல் மணத்தில் ஒரு பையன். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்கு 'எந்த அப்பா?' என்று கேட்டிருக்கிறான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். கொஞ்ச காலத்தில் 'எந்த அப்பா?' என்பது அந்த வீட்டின் சொந்த நகைச்சுவையாகிவிட்டது. கரண்ட் பில் வந்தால் 'எந்த அப்பா கட்டுறது?', பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக் கேட்டால் 'எந்த அப்பாகிட்ட வாங்க?'. இப்போது முதலில் சொல்வது பையன்தான். வார்த்தை அதேதான். வகுப்பறையில் அது அபராதம், வீட்டில் அது சொத்து. சிரிப்பின் அரசியல் அதன் உள்ளடக்கத்தில் மட்டும் இல்லை, அது யாருடைய கையில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

மூன்றாவது, நகரத்தில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பெண்கள். வீட்டுக்காரருக்கு அவர்கள் 'அக்கா தங்கச்சி'. வேறு எந்தச் சொல்லைச் சொல்லியும் வீடு கிடைக்காது. முறைப்படி கேலியோ காதலோ தொடமுடியாத ஓர் உறவின் பெயரில்தான் அவர்கள் குடித்தனம் நடத்த முடிகிறது. ஒருத்தியின் அம்மா வந்து போவாள். மகளின் இணையை 'அந்தப் பொண்ணு' என்பதோடு சரி. ஒருநாள் ரசத்தில் உப்புக் கூடிப்போனதற்கு அந்தப் பெண்ணைப் பிடித்துக் கண்டபடி திட்டித் தீர்த்துவிட்டாள். அம்மா ஊருக்குப் போன பிறகு இருவரும் விடிய விடியச் சிரித்திருக்கிறார்கள். 'எட்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் மருமகளாயிருக்கேன்.' எனக்கு இதைச் சொன்னபோதும் சிரித்தாள். அங்கீகாரம் மாமியார்த்தனத்தின் வடிவத்தில் வந்து சேர்கிறது. ஏற்றுக்கொள்ளப்படுவதில் மகிழ்ச்சி இருக்கிறது, ஏற்றுக்கொள்ளப்பட்டதும் அடுப்படி காத்திருக்கிறது என்கிற எரிச்சலும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் தாங்குகிற வடிவம் அந்தச் சிரிப்புக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அரசும் நீதிமன்றமும் இந்தப் பெயரிடும் வேலையில் வந்து மாட்டிக்கொண்டிருக்கின்றன. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பால்புதுமையினர் தொடர்பாகத் தொடங்கிய உத்தரவுகளின் வழியாக, கண்ணியமான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. நல்ல காரியம். அந்தப் பட்டியல் ஓர் ஆளை என்னவென்று குறிப்பிடலாம் என்று சொல்கிறது. அண்ணனின் இணையனைத் தங்கை என்னவென்று கூப்பிடலாம் என்று அதில் இல்லை, இருக்கவும் முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலின மணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, பெற்றோரால் தடுத்துவைக்கப்பட்ட பெண் தன் இணையோடு போகலாம் என்று விடுவித்தபோது, குடும்பத்தை உருவாக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் உண்டு என்றது. சட்டத்தின் அகராதி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. குடும்ப அட்டை விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவருக்கு உறவுமுறை' என்ற கட்டம் மட்டும் இன்னும் அப்படியே காத்துக்கிடக்கிறது.

5

முறையைப் பார்த்தே சிரிப்பது நமக்குப் புதிது அல்ல. 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதிலிருந்து எத்தனையோ திருமண மேடைகளில், பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டே முகூர்த்தத்தையும் மந்திரத்தையும் தாலியையும் கிண்டல் செய்து பேசினார் அவர். கேலிக்குள்ளானவர்களே சிரித்தார்கள். 1967இல் அண்ணா ஆட்சியில் அந்தத் திருமணங்களைச் செல்லும்படியாக்கும் சட்டம் நிறைவேறியது. ரஷ்ய விமர்சகர் பக்தின், திருவிழாச் சிரிப்பு சிரிப்பவர்களையும் சேர்த்தே குறிவைப்பது என்று எழுதினார். நம்மூரில் அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்பு மண்டபத்தோடு நின்றுபோன வீடுகள் அதிகம். மேடையில் சாஸ்திரத்தைக் கிண்டல் பண்ணியவர் வீட்டுக்கு வந்ததும் 'காப்பி என்னாச்சு?' என்றார். சொந்தச் சாதிக்குள்ளேயே சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்களும் உண்டு. ஐயரைக் கேலி செய்த முறை, மாமனைத் தொடாமல் விட்டுவிட்டது.

இந்த இடத்தில்தான் திருநங்கைகளின் ஜமாத் வீடுகளை நாம் அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்கிறேன். ரத்தம், சாதி, பிறந்த வீடு எல்லாம் கைவிட்ட பிறகு அவர்கள் செய்த முதல் காரியம் முறை கட்டியதுதான். அம்மா, மகள், நானி, குரு, சேலா. சடங்கு செய்து மகளாக எடுத்துக்கொள்கிறார்கள். ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் எழுதிய தன்வரலாறுகளைப் படித்தவர்களுக்கு இந்த வீடுகளின் பிரியமும் கண்டிப்பும் தெரியும். கேலி அங்கே அன்றாட மொழி. கைதட்டலே ஒரு நிறுத்தற்குறி. கடைத்தெருவில் தங்களை நோக்கி எறியப்பட்ட அத்தனை வசைகளையும் அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் செல்லப் பெயராக்கிக்கொண்டார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிக்கவைத்துக் காசு பார்த்த நமது சினிமாவுக்கு (2015இல் 'ஐ' படம்வரைக்கும் அது நடந்தது, கண்டனமும் எழுந்தது) இவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒரு காட்சி எழுதத் தெரியவில்லை. எழுதியிருந்தால் அதில் நாம்தான் மாட்டிக்கொண்டிருப்போம். ஜமாத்தும் சொர்க்கம் இல்லை, அங்கேயும் மூத்தவர் அதிகாரம் உண்டு, சம்பாத்தியத்தில் பங்கு உண்டு, மீறினால் அபராதம் உண்டு. முறை கட்டினால் கூடவே முறைப்பும் வந்துவிடுகிறது. ஆனால் முறை என்பது பிறப்பில் வருவதல்ல, செய்துகொள்ளக் கூடியது என்பதை நிரூபித்துக் காட்டியவர்கள் அவர்கள்.

ஆகவே சிரிப்பை விடுதலை என்று நான் கொண்டாட வரவில்லை. 'எங்க வீட்ல எல்லாரும் ஜாலிங்க, மருமக என்ன சாதின்னே எங்களுக்கு ஞாபகம் இல்ல' என்கிற வீட்டில், மாட்டுக்கறியைப் பற்றிய ஒவ்வொரு துணுக்குக்கும் மருமகள்தான் முதலில் சிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. சிரிக்காவிட்டால் அவளுக்கு 'ரசனை இல்லை'. தாராளமான வீடுகளின் சாதி இப்போது இந்த வடிவத்தில்தான் உயிர்வாழ்கிறது. சண்டையாக வந்தால் எதிர்த்துப் பேசலாம், கேலியாக வருகிறது, அதனால் எதிர்த்துப் பேசுகிறவள் விளையாட்டைக் கெடுத்தவள் ஆகிறாள். அனுமதிக்கப்பட்ட அவமரியாதை என்று மானிடவியலாளர் சொன்னாரே, அந்த அனுமதியை யார் கொடுத்தது என்று அவளும் கேட்டாக வேண்டும். திருப்பிக் கேலி செய்ய முடியாத இடத்தில் நடப்பது கேலி உறவு அல்ல, வெறும் உறிஞ்சல்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். சாதி கடந்த குடும்பத்தைப் பற்றி நம் கதைகளில் கொலை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, தியாகம் இருக்கிறது. இருக்க வேண்டியவைதான். ஆனால் கொலையிலிருந்து தப்பித்து, வாடகை வீடு பிடித்து, பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்து, யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போட்டு, பிள்ளைக்கு எந்தக் குலசாமியின் பெயரையும் வைக்காமல், அப்புறம் அந்தப் பிள்ளையைப் பாட்டிகள் ஆளுக்கொரு பெயரில் கூப்பிடுவதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறவர்கள் எங்கே? நாம் அவர்களைச் சாகிறபோது மட்டும் எழுதுகிறோம். உயிரோடு இருந்து சிரிக்கிறபோது அவர்கள் விசுவுக்கும் மெகா சீரியலுக்கும் விடப்பட்டிருக்கிறார்கள். முறையைக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதியானது. கலப்பு மணம் என்றால் ரத்தம் என்ற பயத்தை அவர்கள் அரிவாளால் பரப்புகிறார்கள், நாம் அனுதாபத்தோடு பரப்பிக்கொண்டிருக்கிறோம்.

இயக்கங்களில் இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். இணையர்களுக்குப் பாதுகாப்பு கேட்கிறோம், தனிச்சட்டம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கூடவே நம்முடைய தோழர்கள் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறபோது, அந்தச் சொல்லின் முழுப் பொருளுக்கும் நாம் தயாரா என்றும் கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கூப்பிட்டவன் நாளைக்கு வீட்டுக்கு வந்து, நடு வீட்டில் உட்கார்ந்து, நம்முடைய அப்பாவைப் பார்த்து ஒரு கேலி சொல்வான். அதற்கு நம் வீடு சிரிக்குமா?

சிரிக்காது என்றால், நாம் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம்.